ஒரே கழுநீரில் வளர்ந்தவை

பொழுது புலர்வதற்குள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரின் இடிந்த மூலை வழியாக நாலு பெண்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை, குளித்த ஈரம் சொட்டும் தலை. நேரே கைப்பம்புக்குப் பக்கத்தில் நிற்கும் செவ்வரளியிடம் போவார்கள். ஒருத்தி கிளையை வளைத்துப் பிடிக்க, மற்றவர்கள் பறிப்பார்கள். பத்து நிமிடத்தில் செடி மொட்டையாகிவிடும். யாரிடமும் கேட்பதில்லை. கேட்பதற்கு ஆளில்லாமலும் இல்லை. பத்தடி தள்ளி, கையில் விளக்குமாறோடு ஆராயி நின்றுகொண்டுதான் இருப்பாள். அவர்களுடைய பார்வை ஒரு தூணைக் கடந்து போவதுபோல அவளைக் கடந்து போகும்.

அந்த அரளியை நட்டவள் ஆராயி. ஒன்பது வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்ப்பவளும் அவள்தான். அதன் பூ தெருவிலுள்ள அம்மன் கழுத்துக்குப் போகிறது. மத்தியானம் அதே ஆராயி ஆக்கிய சோற்றை, அந்தப் பெண்களின் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

இதை நினைக்கும்போது அவளுக்கு அழுகை வருவதில்லை. காறித் துப்பிவிட்டுப் பெருக்க ஆரம்பிப்பாள்.

விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் போகும் சாலையில், செராமிக் பட்டறைகள் தீர்ந்து வயல்கள் தொடங்கும் இடத்துக்கு ஜாடிமேடு என்று பெயர். சூளையில் வெடித்த ஜாடிகளையும் மூக்குடைந்த பொம்மைகளையும் பல வருடங்களாகக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. மேட்டுக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் தெரு, நடுவில் தொடக்கப் பள்ளி. ஆராயியின் கணவன் நல்லமுத்து ஒரு ஜாடிப் பட்டறையில் இருபது வருடம் களிமண் மிதித்து, அச்சில் அழுத்தி, காய்ந்த ஜாடியின் பிசிறைத் தேய்த்தவன். தேய்த்த தூள் எல்லாம் இப்போது அவன் நெஞ்சுக்குள் இருக்கிறது. இரண்டு வாக்கியம் பேசினால் ஒரு இருமல். ஆராயி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்து, பாத்திரம் கழுவி, விறகு பிளந்து, ஒன்பது வருடம் கழித்துச் சமையல்காரம்மா ஆனாள். அது 2006 ஜூன் மாதம்.

உதவியாளாகச் சேர்ந்த வருடம்தான் அந்த இரண்டையும் நட்டாள். தலைமை ஆசிரியர் பாலகிருஷ்ணன், வாசல் பிள்ளையாருக்குப் பூ வேண்டும் என்று அரளிக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆராயி தன் பங்குக்கு, காற்றில் ஒடிந்து கிடந்த கிளையிலிருந்து ஒரு முருங்கைப் போத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அங்கேயுள்ள மண் ஜாடிக்கு நல்ல மண். செடிக்கு ஆகாத மண். வெள்ளைக் களி, தண்ணீரைப் பிடித்தால் விடாது. முருங்கைக்கு அது எமன். வேரடியில் மூன்று நாள் தண்ணீர் நின்றால் அழுகிச் சாய்ந்துவிடும். ஆகவே மேட்டிலிருந்து ஓடு ஓடாகப் பொறுக்கி வந்து குழியின் அடியில் போட்டாள். மேலே மணலும் அடுப்புச் சாம்பலும் கொட்டினாள். போத்தை நட்டு, வெட்டுவாயில் ஒரு பிடி சாணியை அப்பினாள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர். பிறகு அதை மறந்துவிடலாம். ஆனால் முழுக்க மறக்கவும் முடியாது. கிளை முறுக்கில்லாதது, ஒரு பெருங்காற்றுக்குத் தாங்காது. காய்ப்பு ஓய்ந்ததும் நெஞ்சளவுக்கு வெட்டிவிட்டால்தான் கைக்கெட்டும் உயரத்தில் கீரை துளிர்க்கும். ஆடு மாடு எல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள். மழை ஓய்ந்தால் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூடு கூடாக அப்பிக்கொள்ளும். கந்தலைக் கம்பில் சுற்றி, தீ வைத்துப் பொசுக்கியாக வேண்டும்.

அரளிக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது. குச்சியை எங்கே செருகினாலும் பிடித்துக்கொள்ளும். வெயில் இருந்தால் போதும். ஆடு கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும், ஏனென்றால் ஆட்டுக்குத் தெரியும். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே விஷம். வெட்டிய கட்டையை அடுப்பில் வைக்கக்கூடாது, புகையே ஆகாது. பால் பட்டால் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வருடம் முழுக்கப் பூக்கும் என்பது ஒன்றுதான் அதனிடம் உள்ள நல்ல குணம்.

ஒன்றில் கீரை, பூ, காய் என்று எல்லாம் வாய்க்குள் போகும். மற்றொன்றில் எதையும் வாயில் வைக்க முடியாது. வாயில் வைக்க முடியாததற்குத்தான் விடியற்காலையில் வரிசை.

இரண்டுக்கும் ஆராயி ஊற்றியது ஒரே தண்ணீர்தான். அரிசி களைந்த கழுநீர். ஒரு நாள் இதற்கு, ஒரு நாள் அதற்கு.

உதவியாளாக இருந்தவரை தொல்லை இல்லை. அவள் பிளந்த விறகில் சோறு வெந்தது, அவள் இறைத்த தண்ணீரில் குழம்பு கொதித்தது, அவள் கழுவிய தட்டில் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். கரண்டி மட்டும் தெருவைச் சேர்ந்த பழைய சமையல்காரம்மா மாரியம்மாள் கையில் இருந்தது. மாரியம்மாள் ஓய்வு பெற்று, கரண்டி ஆராயி கைக்கு வந்த மறுநாள், அறுபத்து நாலு தட்டு இருபத்தொன்றாகக் குறைந்தது. அந்த இருபத்தொன்றும் காலனித் தட்டு.

தெருப் பிள்ளைகள் டப்பாவில் சோறு கொண்டுவந்தார்கள். முட்டை போடும் நாளில் மட்டும் வரிசையில் வந்து நிற்பார்கள். முட்டையை வாங்கிக்கொண்டு, சோறு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். முதல் நாள் ஆராயிக்குப் புரியவில்லை. நாலாம் வகுப்பு வெண்பாதான் விளக்கினாள். பெற்றோர் சங்கத் தலைவர் ஆதிநாராயணனின் மகள், வெளிறிப்போன முகம், குச்சிக் கால்.

"முட்டைக்கு ஓடு இருக்குதில்ல ஆயா. உள்ள தீட்டு போவாதாம். அம்மா சொன்னாங்க."

எட்டு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து, வாய்ப்பாடு ஒப்பிப்பது போல அது வந்தது. ஆராயி கையிலிருந்த முட்டையைப் பார்த்தாள். கோழி அதை எந்த வழியாகப் போட்டது என்று அந்த அம்மாவிடம் கேட்க வேண்டும்போல இருந்தது.

சத்துணவைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் தலைமை ஆசிரியர் ருசி பார்த்து எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. பாலகிருஷ்ணன் நாள் தவறாமல் எழுதினார். 'உப்பு சரி. சுவை நன்று.' அவர் தினமும் வீட்டிலிருந்து மூன்றடுக்குக் கேரியர் கொண்டுவருகிறவர். ஆராயியின் சோற்றில் ஒரு பருக்கை அவர் நாக்கில் பட்டதில்லை. அந்தச் சோற்றைத் தொடாமலே வாரத்தில் ஆறு நாள் மேடையில் சமத்துவம் பேசலாம் என்று நினைக்கிற ஆள்.

மாசி மாதம் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை சத்துணவு ஆபீசரம்மா தலை எண்ண வருகிறார்கள். ஐம்பது தலைக்குக் குறைந்தால் சமையலரை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதாவது இதே மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள மங்களூர் பக்கம். இரண்டு பஸ் மாறிப் போய் வர வேண்டும். மூச்சு வாங்கிக் கிடக்கும் நல்லமுத்துவை யார் பார்ப்பது?

புதன்கிழமை சாயங்காலம் பெற்றோர் சங்கம் கூடியது. ஆராயியையும் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை.

"இது ஜாதி விஷயமே இல்ல சார்," என்று ஆரம்பித்தார் ஆதிநாராயணன். ஜாதி பேச வருகிறவர்கள் எல்லோரும் இந்த வரியைத்தான் முதலில் சொல்வார்கள். "நமக்கு எல்லாரும் ஒண்ணுதான். ஆனா கொழந்தைங்களுக்குன்னு ஒரு சுத்தபத்தம் இருக்குது இல்ல?"

"எது சுத்தமில்லைங்க? அடுப்படிய வந்து ஒரு நாளு பாருங்களேன்," என்றாள் ஆராயி.

"ஏய், நான் சார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கறன்."

"பேசறது என்னப் பத்திதானுங்களே."

பாலகிருஷ்ணன் மேசைமேல் இருந்த சாக்பீஸை உருட்டினார். "ஆராயி, நீ வேலைய வுட வேணாம்மா. கரண்டிய மட்டும் வுட்டுடு. பழையபடி களுவு, கூட்டு, அரிசி களை. எல்லாருக்கும் நிம்மதி."

ஆராயி அவரைப் பார்க்கவில்லை. ஆதிநாராயணனைப் பார்த்தாள். அவருக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜாடிக் கடை.

"உங்க கடையில ஊறுகா ஜாடி விக்கிறீங்களே, அது யாரு செஞ்சதுங்க?"

"அதுக்கென்ன இப்ப?"

"எங்க வூட்டுக்காரரு காலால மிதிச்ச மண்ணு அது. அவரு கையால தடவி, ஸ்பாஞ்சால தொடச்சது. உங்க வூட்டு எலுமிச்சங்கா ஊறுகா அதுலதான ஊறுது?"

"அது சூளையில வேவுது. அத்தினி தீயில போனப்புறம் தீட்டு ஏது?" என்றார் ஆதிநாராயணன். நல்ல பதில் கிடைத்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

"சோத்த மட்டும் என்னா, பச்சையாவா போடறன்? அதுவும் தீயில வெந்துதாங்க வருது."

யாரோ ஒருவர் சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார். ஆதிநாராயணன் முகம் கறுத்தது.

"ஜாடி வேற, சோறு வேற. வாய் நீளுது சார் இதுக்கு," என்று எழுந்துகொண்டார். அவள் அவருக்கு அஃறிணை.

மறுநாள் வியாழன். விடியற்காலையில் பெண்கள் வந்தபோது அரளியில் ஒரு பூ இல்லை. அத்தனை பூவும் சத்துணவுத் தட்டு ஒன்றில் குவிந்து கிடந்தது. தட்டை ஏந்திக்கொண்டு ஆராயி நின்றாள். ஆதிநாராயணனின் மனைவி விருத்தாம்பாள் முன்னால் வந்தாள். ஆராயியைவிடப் பத்து வயது இளையவள்.

"ஏ ஆராயி, நீ எதுக்குடி பறிச்ச?"

"நீங்க சிரமப்பட வேணாம்னுதாம்மா. இந்தாங்க."

"நீ தொட்டத சாமிக்கு எப்படிப் போடறது?"

"நேத்து வரைக்கும் யாரு தொட்டதாம்? குச்சிய நட்டது நானு. அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்துனதும் இந்தக் கைதான். அது வேருல போயி, பூவுல ஏறி, உங்க சாமி கழுத்துல குந்திக்கிட்டு இருக்குதே."

மாசி மகத் திருவிழா நெருங்கும் நேரம், பூ விலை ஏறிக் கிடந்தது. விருத்தாம்பாள் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு பம்பை அடித்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து, தட்டின்மேல் மூன்று தடவை தெளித்தாள். தட்டைத் தொடாமல், பூவை மட்டும் கூடைக்குள் அள்ளினாள்.

"அவ்ளோதானா?" என்றாள் ஆராயி. "மூணு தெளி தண்ணியில போற தீட்டுக்கா ஒம்போது மாசமா புள்ளைங்க சோத்த நிறுத்துனீங்க? அப்ப சோத்துலயும் தெளிச்சுக்கிட்டுத் தின்ன வேண்டியதுதான?"

வயிற்றெரிச்சலில் சொன்ன வார்த்தை அது. அந்தப் பெண்கள் அதைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மத்தியானம் பாலகிருஷ்ணன் சமையல்கட்டு வாசலுக்கே வந்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஆராயி, உன் யோசனைய தெருவுல ஒத்துக்கிட்டாங்கம்மா! நாளையிலேர்ந்து தலைவரு கோயில்லேர்ந்து ஒரு சொம்புத் தண்ணி கொண்டாருவாரு. சோத்துல, கொழம்புல லேசா தெளிப்பாரு. அப்புறம் எல்லாப் பசங்களும் சாப்பிடலாம். தலை அறுபது தாண்டிடும். உனக்கு மங்களூரு கிங்களூரு கிடையாது."

"என் யோசனையா?"

"நீதான சொன்னியாமே!"

குத்துவதற்காக நீட்டிய கத்தியை வாங்கி, அதனாலேயே பழம் நறுக்குகிறார்கள். கேலி செய்தால்கூட உறைக்காத தோலை என்னவென்பது?

வீட்டில் நல்லமுத்து கயிற்றுக்கட்டிலில் சாய்ந்தபடி கேட்டான். சிரிப்பு முதலில் வந்தது, இருமல் பின்னால் வந்தது.

"தெளிச்சா தெளிச்சிக்கட்டும் புள்ள. நாலு சொட்டுல கொழம்பு தண்ணியாவா பூடும்?"

"கொழம்பு ஆவாது. நானு ஆயிடுவன்."

"வேல போச்சுன்னா?"

ஆராயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நாலு சொட்டுத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டால் வேலை நிற்கும், கணவனுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், வெண்பா மாதிரிப் பிள்ளைகள் சூடாக நாலு வாய் தின்னும். எண்ணிப் பார்க்கையில் எல்லாமே ஆதாயம்தான். ஆனால் நாளைக்கு ஒரு தடவை, தன் கண்ணெதிரில், தான் அழுக்கு என்று ஒருத்தன் தெளித்துக் காட்டுவான். அதற்குத் தான் மூடியைத் திறந்து பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் முருங்கையிலிருந்து நாலு கொத்து ஒடித்தாள். இணுக்கு இணுக்காக உருவி, பருப்போடு சேர்த்துச் சாம்பாரில் போட்டாள். வாசனை மூன்றாம் வகுப்புவரை போனது. பன்னிரண்டரைக்கு ஜீப் வந்தது. ஆபீசரம்மா வெயிலில் வெந்துபோய் இறங்கினார்கள். கண் கடிகாரத்தில் இருந்தது. அவர்களுக்கு இன்னும் நாலு பள்ளிக்கூடம் பாக்கி. பிள்ளைகள் எல்லோரும் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தெருப் பிள்ளைகளும்தான். ஆதிநாராயணன் வெள்ளை வேட்டியில், பித்தளைச் சொம்போடு வந்தார்.

ஆராயி அண்டாவின் மூடியைத் திறக்கவில்லை. மேலே கையை வைத்துக்கொண்டு சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் இரண்டு செவ்வரளிப் பூ மிதந்தது.

தீட்டுக் கழிக்கிறேன் என்று இந்த மனுசன் கொண்டுவந்திருப்பது எது என்று பார். முருங்கைக் கீரைக் குழம்பைச் சுத்தப்படுத்த அரளித் தண்ணீர்!

"மூடியத் தொற," என்றார் ஆதிநாராயணன், மெல்ல.

"எதுக்குங்க?" என்றாள் ஆராயி, சத்தமாக.

ஆபீசரம்மா திரும்பினார்கள். "என்ன அது? என்ன தண்ணி?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். கோயில் தீர்த்தம். ஒரு ஐதீகம்..." என்று பாலகிருஷ்ணன் குறுக்கே வந்தார்.

"எதுக்கு தெளிக்கறதுன்னு ஆபீசரம்மாகிட்ட வாயால சொல்லச் சொல்லுங்க சார். சொல்லிட்டுத் தெளிக்கட்டும், நானே மூடியத் தொறக்கறன்."

ஆதிநாராயணன் ஆபீசரம்மாவின் பேனாவைப் பார்த்தார். கூட்டத்தில் சொல்ல முடிந்ததை, எழுதிக்கொள்கிற கை எதிரில் இருக்கும்போது சொல்ல முடியவில்லை. சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்கும் தெரியும்.

"அம்மா, அந்தச் சொம்புல மெதக்கறது அரளி," என்றாள் ஆராயி. "எலை, பூவு, வேரு எல்லாம் வெசம். ஆடுகூட வாய வெக்காது. அத்த ஊற வெச்ச தண்ணிய அறுபது புள்ளைங்க சோத்துல வுட வந்திருக்காரு. நல்ல தண்ணின்னா மொதல்ல அவரு ஒரு வாய் குடிக்கட்டும்."

ஆபீசரம்மா கடிகாரத்தை மறந்தார்கள். நியாயம் அநியாயம் பற்றிய அக்கறையால் அல்ல. ஏதாவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் நாளைப் பேப்பரில் யார் பெயர் வரும் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"குடிங்க சார்," என்றார்கள்.

ஆதிநாராயணன் சொம்பைப் பார்த்தார். தெய்வத்தின் கழுத்தில் கிடந்த பூ, தீட்டையே கழிக்கிற தீர்த்தம். ஒரு சொட்டு அவர் உதட்டுக்குப் போகவில்லை. பம்படிக்குப் போய், அரளியின் அடியிலேயே கவிழ்த்துவிட்டு வந்தார். அவருக்கும் எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது.

"ருசி பாத்தாச்சா? நோட்ட எடுங்க," என்றார்கள் ஆபீசரம்மா, பாலகிருஷ்ணனிடம். நோட்டில் அன்றைக்கும் 'உப்பு சரி. சுவை நன்று' என்று காலையிலேயே எழுதியிருந்தது.

"சோறு எறக்கறதுக்கு முன்னாடியே உப்பு சரின்னு எப்படிங்க சார் தெரிஞ்சுது?" என்று ஆராயி கேட்டாள். ஒரு தட்டில் சோறு போட்டு, சாம்பாரை ஊற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

அவர் தின்றார். எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டே தின்றார். பல்லில் கீரை ஒட்டியிருந்தது. மருந்து குடிக்கிறவர் மாதிரி விழுங்கினார். ஆராயிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை. படித்த மனிதன் தொண்டையில் தன் சோறு இறங்கச் சிரமப்படுவதைப் பார்ப்பதில் என்ன சந்தோஷம் இருக்கிறது?

சார் தின்றதும் பிள்ளைகள் தின்றார்கள். வெண்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றார். தட்டை வழித்து, விரலையும் நக்கினாள். ஆபீசரம்மா தலையை எண்ணி, அறுபத்தொன்று என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள். அரளியை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் இருக்கும் இடம் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். மற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் தெருவில் பல வீடுகளில் பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்களாம். திங்கட்கிழமை ஐம்பத்து நாலு தட்டு வந்தது. புகார் எழுத்தில் மேலே போய்விடும் என்ற பயம்தான் அது. மனம் மாறிவிட்டதென்று நினைக்க ஆராயி பைத்தியக்காரி அல்ல. பயத்தில் தின்றாலும் கீரை ரத்தத்தில்தான் சேரும் என்று கரண்டியைப் பிடித்தாள்.

ஆபீசரம்மா வந்துபோன மறுநாள், சனிக்கிழமை விடியற்காலையிலேயே அரிவாளால் அரளியை அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தாள். கூடையோடு வந்த விருத்தாம்பாள் வாயில் அடித்துக்கொண்டாள்.

"பூத்த செடியடி! சாமி குத்தம் சும்மா வுடுமா?"

"பக்கத்துல ஒண்ணு நிக்குது பாருங்கம்மா. அதே தண்ணிதான் குடிச்சுது. கீர வேணும்னா ஒடிச்சிக்கிட்டுப் போங்க. புள்ள வெளுத்துக் கெடக்குது."

விருத்தாம்பாள் முருங்கையை நிமிர்ந்து பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கை ஒருமுறை லேசாக உயர்ந்ததை ஆராயி பார்த்தாள். மற்ற மூன்று பெண்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கீழே இறங்கிவிட்டது. வெறுங்கூடையோடு, இடிந்த மூலை வழியாகவே போனாள்.

ஆராயி அரளிக் கட்டைகளை அடுப்புக்கு எடுக்கவில்லை. பிள்ளைகள் கைபடாமல் சுருட்டி, மேட்டுக்கு அப்பால் குழி தோண்டிப் புதைத்தாள். சோப்புப் போட்டு மூன்று தடவை கையைக் கழுவினாள்.

பதினோராம் நாள் கழுநீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பம்படிக்கு வந்தவள் நின்றாள். வெட்டிய முண்டின் ஓரத்தில், பச்சையாக, கூர்மையாக ஏழெட்டுத் துளிர். யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. வாளித் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றிவிட்டு, கடப்பாரை எடுக்கப் போனாள்.